முன்பு இருந்தவரின் நம்பர்

"தங்கச்சி, எனக்கு முந்தி இந்த வேலையில இருந்தவங்க யாரு? அவங்க போன் நம்பரக் கொஞ்சம் குடுங்க."

புஷ்பம் அக்கா இப்படிக் கேட்டபோது நான் அவருடைய சுயவிபரத்தைக் கோப்பில் வைத்து மூடிக்கொண்டிருந்தேன். எங்கள் கேள்விகளெல்லாம் முடிந்துவிட்டன. பால் இல்லாத பிளேன்டீயும் வந்துவிட்டது. "எப்போது வேலைக்கு வருகிறீர்கள்?" என்று கேட்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

வெளியே கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் மேல் பஸ்கள் ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டு நின்றன. உள்ளே ட்ரையரில் துவாய்கள் உருளும் சத்தம். சூடான பருத்தித் துணியின் வாசம்.

"நம்பர் எதுக்கு அக்கா?"

"பேசிப் பாக்கத்தான். நா முந்தி வேல செஞ்ச வீட்டு நம்பர நீங்க வாங்கிக்கிட்டீங்கதானே? அது மாதிரிதான்."

இதில் என்ன தவறு காண்பது? என் கூட்டாளி நஸீரா என்னைப் பார்த்தாள். நான் கோப்பைப் பார்த்தேன். பிறகு, பதினோரு வருடம் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் நின்று பழகிய சிரிப்பு ஒன்றை எடுத்து முகத்தில் மாட்டிக்கொண்டேன்.

"நாளைக்கு அனுப்பி வைக்கிறேன் அக்கா."

அந்தச் சிரிப்புக்கு வெள்ளைக்காரர்கள் மயங்குவார்கள். புஷ்பம் அக்கா மயங்கவில்லை. பிளேன்டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்து, கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு நாவலப்பிட்டி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

ஏன் அவ்வளவு அவசரம்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நானும் நஸீராவும் சேர்ந்து தொடங்கியது ஒரு சலவைக் கம்பனி. கண்டியில் வீட்டுக்கு வீடு கெஸ்ட் ஹவுஸ். வீட்டுக்கு வீடு பெட்ஷீட். ஆனால் கண்டி மழைக்குப் பெட்ஷீட் காயாது. இந்த மூன்றையும் ஒரு நாள் பஸ்ஸில் சேர்த்து யோசித்ததுதான் எங்கள் தொழில். நஸீராவின் நானா, அதாவது அண்ணன், தன் ஹார்ட்வெயார் கடைக்குப் பின்னால் இருந்த ஸ்டோரைத் தந்தார். மூன்று மெஷின், இரண்டு ட்ரையர், அயன் பண்ண நான்கு பெண்கள்.

யானை ஊர்வலத் திருவிழாவான பெரஹரா வர ஒன்றரை மாதம்தான் இருந்தது. அந்த நாட்களில் கண்டியில் ஓர் அறை கூடக் காலியாக இராது. நாங்கள் இருவரும் வெளியே ஓடித் திரிந்தால், உள்ளே நின்று மெஷினையும் பெண்களையும் துணிக்கணக்கையும் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். முன்பு அப்படி ஒருவர் இருந்தார். போய்விட்டார்.

போன விதத்தைப் பற்றி இப்போது எழுத மாட்டேன். கொஞ்சம் பொறுங்கள், எழுதாமல் தப்பிக்கவும் முடியாது.

ஐந்து வருடத்தில் எங்கே?

ஆள் எடுப்பது எப்படி என்று நஸீரா யூடியூபில் பார்த்துப் பன்னிரண்டு கேள்விகளைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். அவற்றில் அவளுக்கு மிகவும் பிடித்த கேள்வி: "இன்னும் அஞ்சி வருஷத்துல ஒங்கள நாங்க எங்க பாக்கலாம்?"

முதலில் வந்த பெண் தயங்காமல் பதில் சொன்னாள். "வத்தேகமயிலதாங்க. வீடு கட்டிட்டோம்ல. மார்க்கெட்டுக்குப் பின்னுக்கு வந்து யாரக் கேட்டாலும் காட்டுவாங்க."

இரண்டாவதாக வந்த பெண்ணுடன் அவளுடைய அம்மாவும் வந்தார். எல்லாக் கேள்விக்கும் அம்மாவே பதில் சொன்னார். நன்றாகவும் சொன்னார். "நீங்க வாறீங்களா?" என்று நஸீரா அவரைக் கேட்டாள். அதில் அம்மாவுக்கும் மகளுக்கும் வந்த சண்டை வாசல் தாண்டி பஸ் நிற்கும் இடம் வரை கேட்டது.

மூன்றாமவர் ஓய்வு பெற்ற ஓர் உத்தியோகத்தர். எங்கள் விண்ணப்பப் படிவத்தில் இருந்த நான்கு எழுத்துப் பிழைகளைச் சிவப்புப் பேனாவால் திருத்தித் தந்தார். தனக்கு ஒரு தனி மேசை, கதிரை, மேசைக்கு மணி வேண்டும் என்றார். மணி அடித்தால் யார் வருவது என்று கேட்டேன். என்னையே ஏற இறங்கப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் புஷ்பம் அக்கா. வயது ஐம்பது இருக்கும். குவைத்தில் இரண்டு வீடுகளில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர். இரண்டாவது வீட்டில் பதினாறு பேர். அவர்களுடைய துணி முழுக்க இவர் பொறுப்பு. நஸீராவின் பன்னிரண்டு கேள்விகளில் மூன்றுக்குத்தான் பதில் சொன்னார். மிச்சத்துக்கு, "அது எதுக்குங்க?" என்று கேட்டார். நஸீராவுக்கும் அது எதற்கென்று தெரியவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் ஒரு ட்ரையரின் வடிகட்டியை இழுத்துப் பார்த்தார். உள்ளங்கை தடிப்புக்குப் பஞ்சு அடைந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் அதை உரித்து என் கையில் தந்தார்.

அப்போதே முடிவு செய்துவிட்டோம், இவர்தான் வேண்டும் என்று. அவர்தான் இன்னும் முடிவு செய்யவில்லை.

இரண்டு நிமிடப் பொய்

அன்று மாலை என் நாத்தனார் மாலாவுக்குப் போன் எடுத்தேன். கணவரின் தங்கை. பலகொல்லையில் இருக்கிறாள்.

"மாலா, ஒரு ஒதவி. யாராச்சும் போன் எடுத்துக் கேட்டா, நீ எங்க கம்பனியில வேல செஞ்சேன்னு சொல்லணும். நல்ல எடம்னு சொல்லணும். ரெண்டே நிமிஷம்."

"பொய்யா அண்ணி?"

"பொய்னு ஏன் நெனைக்கிற? நீ ஒருநாள் வந்து துவாய் மடிச்சிக் குடுத்தியே."

"அது சரிதான்." மாலாவின் குரலில் ஓர் உற்சாகம் ஏறியது. நான் அதை அப்போது கவனித்திருக்க வேண்டும். "ஒங்களப் பத்தியும் கேப்பாங்களா?"

"கேப்பாங்க."

"சரி அண்ணி. நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. நா பாத்துக்கிறேன்."

நஸீரா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "சரோ, பொய் செல்லி ஆள எடுத்தா நல்லதில்ல. தயாளினிட நம்பர் ஈக்குதானே. அத குடுத்தா முடிஞ்சி. அந்தப் புள்ள கலியாணப் பேச்சு வந்துதானே போன? கோவிச்சிக்கிட்டா போன?"

"அந்தப் பிள்ள இப்ப கல்யாண வேலையில இருக்கும். ஏன் தொந்தரவு பண்ணணும்?" என்றேன்.

ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று. வரவேற்பு மேசையில் நின்றவர்களுக்கு இது மூச்சு விடுவது போல வரும்.

நாற்பது நிமிடம்

இரண்டு நாள் கழித்துப் புஷ்பம் அக்கா வந்தார். கதிரையில் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"பேசினேன் தங்கச்சி. நல்லாப் பேசினாங்க. நாப்பது நிமிஷம்."

நானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"வேல நல்ல வேலன்னு சொன்னாங்க. ஆனா ஒங்களோட வேல செய்யிறது கஷ்டம்னாங்க. அவங்க கழுவி வச்ச கோப்பைய நீங்க திரும்ப எடுத்துக் கழுவுவீங்களாம்."

"கோப்பையா?" என்றாள் நஸீரா. "எங்கட லாண்டரியிலயா?"

"அதத்தான் நானும் யோசிச்சேன். அப்பறம், தீபாவளிக்கு அவங்க செஞ்சி குடுத்த முறுக்க, ரொம்ப நல்லாருக்குன்னு சொல்லிட்டு, அப்பிடியே பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டீங்களாம். ஒங்க மாமியாருக்குக் காது கேக்காதுன்னு நெனச்சி நீங்க அடுப்படியில பேசினதெல்லாம் அவங்களுக்கு நல்லாவே கேட்டுச்சாம். ஒங்களுக்குச் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் வரலயாம்."

நஸீரா சால்வைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

"நடுவுல ரெண்டு தடவ ஒங்கள அண்ணின்னு சொன்னாங்க," என்று முடித்தார் புஷ்பம் அக்கா. "நாத்தனாரா?"

"ஆமாக்கா."

பதினேழு வருடமாக மாலா மனதில் கட்டி வைத்திருந்ததை எல்லாம், நானே நம்பர் கொடுத்து அவிழ்க்கச் சொல்லியிருக்கிறேன். (முறுக்கு விஷயம் உண்மை. ஆனால் பாதியைத்தான் நாய்க்குப் போட்டேன்.)

புஷ்பம் அக்கா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "நா மொத தடவ வெளிநாட்டுக்குப் போகக்கொள்ள எதையும் கேக்காமப் போனேன். ஏஜென்சிக்காரன் நல்ல வீடுன்னான். அந்த வீட்டுல ஃப்ரிஜ்ஜுக்குப் பூட்டு. எனக்கு முந்தி இருந்த பிள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருக்கும். ரெண்டாந் தடவ, எனக்கு முந்தி இருந்த பிலிப்பைன்ஸ் பிள்ளயத் தேடிப் புடிச்சிப் பேசிட்டுத்தான் ஏறினேன். அதனாலதான் கேக்கிறேன். நெசமா வேல செஞ்சவங்க யாரு?"

"தயாளினி," என்றாள் நஸீரா, நான் வாயைத் திறப்பதற்கு முன். நம்பரையும் சொல்லத் தொடங்கினாள்.

முப்பத்திரண்டு பெட்ஷீட்கள்

இனி எழுதாமல் தப்பிக்க முடியாது.

தயாளினி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. தகப்பனாருக்குக் கண்டியில் அரசாங்க உத்தியோகம். நாங்கள் முதன்முதலில் வேலைக்கு எடுத்த ஆள் அவள்தான். எந்தத் துணி எந்தக் கெஸ்ட் ஹவுஸுடையது என்பதைத் தையலைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

ஒரு நாள் நஸீரா ஒரு கல்யாணத்துக்கென்று அக்குறணை போயிருந்தாள். மழை. ஏரிக்கு மேலே மேட்டில் இருக்கும் கெஸ்ட் ஹவுஸின் துணி அவசரமாகப் போக வேண்டும். அவர்கள்தான் எங்களுக்குப் பெரிய வாடிக்கை. நான் அன்று காலையில் நடைபாதையில் வாங்கிய புதுச் சிவப்புத் துணி ஒன்றால் மெஷினின் மேல்புறத்தைத் துடைத்துவிட்டு, அதைத் துணிக் குவியலின் மேல் போட்டேன். பிறகு குவியலை அள்ளி மெஷினுக்குள் திணித்தேன். நானேதான். என் இரண்டு கையால்.

முப்பத்திரண்டு வெள்ளைப் பெட்ஷீட்களும் இளஞ்சிவப்பாக வெளியே வந்தன. அழகாகத்தான் இருந்தன, பிறந்த குழந்தையின் உள்ளங்கால் மாதிரி.

கெஸ்ட் ஹவுஸ் மாத்தயா, அதாவது முதலாளி ஐயா, ஒரு ஷீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே வந்துவிட்டார். "யார் செய்தது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தலையை மட்டும் தயாளினி பக்கம் திருப்பினேன்.

அவ்வளவுதான் செய்தேன். அந்த ஒரு திருப்பல் போதுமாக இருந்தது. அவர் அந்தப் பிள்ளையைப் பத்து நிமிடம் திட்டினார். வளர்த்தவர்களையும் சேர்த்துத் திட்டினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் காலையில் ஸ்டோர்ச் சாவி என் மேசை மேல் இருந்தது. திரும்பி வந்த நஸீராவிடம், "கல்யாணப் பேச்சு வந்திருக்காம். நின்னுட்டா" என்றேன்.

ஸ்பீக்கர்

புஷ்பம் அக்கா போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரை அழுத்தினார்.

"தயாளினியா? எம்பேரு புஷ்பம். நீங்க இருந்த வேலைக்கு என்னக் கூப்பிட்டிருக்காங்க. போகலாமான்னு ஒங்ககிட்டக் கேக்கத்தான் எடுத்தேன்."

"ஆர் உங்களுக்கு என்ர நம்பர் தந்தது?"

"கம்பனியிலதான்."

"வேலை பிழையில்லை அக்கா. அயன் பண்ணுற பிள்ளையள் நல்ல பிள்ளையள். நஸீரா அக்கா நல்லவ."

"சரோஜா?"

"அவ நல்லாச் சிரிப்பா."

என் முகத்தில் அப்போதும் ஏதோ ஒரு சிரிப்பு இருந்திருக்க வேண்டும். அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. போனை என் பக்கம் இழுத்தேன்.

"தயாளினி, நான் சரோஜா. இங்கதான் இருக்கேன்."

"ஓம். நினைச்சனான். ட்ரையர்ச் சத்தம் கேட்டது."

"அந்தச் சிவப்புத் துணியப் போட்டது நான்தான். எனக்கு அன்னைக்கே தெரியும்."

"எனக்கும் அண்டைக்கே தெரியும் அக்கா."

நஸீரா குலுங்குவதை நிறுத்தியிருந்தாள்.

"மன்னிச்சிக்கம்மா," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. விருந்தினர்களிடம் ஆயிரம் தடவை மன்னிப்புக் கேட்ட குரல் அல்ல அது.

"இதைச் சொல்லுறதுக்கு உங்களுக்கு ஒரு ஆளை வேலைக்கு எடுக்க வேண்டி வந்திருக்கு, என்ன?" அவள் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் சுட்டது. "மன்னிப்பைப் பற்றிப் பிறகு பாப்பம். அந்த ஆள் என்ர அப்பாவையும் சேர்த்துப் பேசினவர். அதுதான் எனக்கு இன்னும் நெஞ்சுக்குள்ள நிக்குது. சரி, வைக்கிறன். புஷ்பம் அக்கா, வேலை நல்ல வேலைதான்."

லைன் கட்டானது.

"அப்ப கலியாணம்?" என்றாள் நஸீரா.

"அப்படி ஒண்ணும் இல்ல."

"நா அந்தப் புள்ளக்கிக் கலியாணத்துக்குக் குடுக்கண்டு ஒரு டீ செட் வாங்கி வெச்சி ஈக்கேன் சரோ." அவள் குரல் உடைந்தது. "பூப் போட்ட செட். மூணு கடை ஏறி எறங்கி வாங்கினது. நீங்களும்தானே கூட வந்தீங்க? நிறமும் நீங்கதானே பாத்துத் தந்தீங்க?"

ஆமாம். நீலப் பூ நல்லாயிருக்கும் என்று சொன்னது நான்தான். சொந்தப் பொய்க்கு நிறம் பார்த்துக் கொடுத்தவள் கண்டி மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அன்று நஸீரா என்னோடு அதற்கு மேல் பேசவில்லை. பேசியது புஷ்பம் அக்காதான். "அந்தக் கெஸ்ட் ஹவுஸ்காரர்கிட்டப் போயி நீங்கதான்னு சொல்லிட்டு வாங்க. அதுக்கப்பறம் நா யோசிக்கிறேன்."

"பெரஹரா வருதுக்கா. அவங்கதான் எங்களுக்குப் பெரிய எடம்."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். ஒண்ணும் எழக்காமச் சொல்றதுல என்ன இருக்கு?"

நான் தட்டிக்கழிப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நானும் வாறேன்" என்று எழுந்தார்.

மேட்டு வீடு

மாத்தயா இடுப்பில் கட்டிய சாரத்துடன் முற்றத்தில் நின்று ஓர்க்கிட் செடிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். மேடேறிய மூச்சு வாங்கலோடு, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் ஒரு தடவை மழைமேல் பழி போடப் பார்த்தேன். பின்னால் புஷ்பம் அக்கா மெதுவாகச் செருமினார். மழையை விட்டுவிட்டேன்.

அவர் தண்ணீர்ப் போத்தலைக் கீழே வைத்தார். "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

"பயம்."

"நானும் அந்தப் பிள்ளையை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என் மனைவி அன்றைக்கே சொன்னாள்." தயாளினியின் நம்பரைக் கேட்டு வாங்கினார். விறாந்தையின் அந்தக் கோடிக்குப் போய்ப் பேசினார். என் காதில் விழுந்தது ஒரு சொல்தான்: "துவ", மகளே என்று. நெடுநேரம் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "இந்தப் பெரஹராவுக்குத் துணியை வேறு இடத்துக்குக் கொடுக்கிறேன். நிறம் பிடித்ததற்காக இல்லை. உங்களுக்குப் புரியும்."

புரிந்தது. வெளியே சிரித்துக்கொண்டு வரவில்லை, அதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஏரிக்கரை வரை நாங்கள் இறங்கினோம். அங்கே புஷ்பம் அக்கா ஒரு பொட்டலம் அவித்த கடலை வாங்கி, பாதியை என் கையில் கொட்டினார்.

"பெரிய எடம் ஒண்ணு போச்சு. சின்ன எடம் நாலு புடிப்போம். திங்கக்கெழம வாறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடலை வாயில் இருந்ததால் சரியாக அழ முடியவில்லை.

"ஆனா ஒரு விஷயம் தங்கச்சி. மெஷினுக்குள்ள துணி போடுற வேல ஒங்களுக்கு வேணாம்."

"நான் மொதலாளிக்கா."

"ஆமா. அந்த வேலையப் பாருங்க."

தயாளினி திரும்பி வரவில்லை. அவளுக்குப் பேராதனைப் பக்கம் வேறு நல்ல வேலை கிடைத்திருந்தது. நஸீரா டீ செட்டைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே போனாள். கூடப் போன நான் வாசலுக்கு வெளியே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து எனக்கும் ஒரு தேத்தண்ணி வந்தது. கொண்டு வந்தது அவளுடைய அப்பா. மன்னிப்பு வந்ததா என்றால், தேத்தண்ணி வந்தது. அதில் சீனியும் இருந்தது.

அந்தப் பெரஹராவைச் சின்னச் சின்ன இடங்களை வைத்துச் சமாளித்தோம். ட்ரையர் ஒரு நாளும் அடைக்கவில்லை. ஒரே ஒரு தடவை, புஷ்பம் அக்கா லீவில் நாவலப்பிட்டிக்குப் போயிருந்த நாளில், எனக்குக் கை துறுதுறுத்தது. அயன் பண்ணும் பெண்கள் குனிந்திருந்த நேரம் பார்த்து, மூன்று தலையணை உறைகளைக் கையில் எடுத்துக்கொண்டு போய் மெஷின் கதவைத் திறந்தேன்.

என் போன் அடித்தது. குனிந்திருந்த பெண்களில் ஒருத்தி தன் போனை அவசரமாகத் துணிக்கடியில் மறைத்தாள்.

"தங்கச்சி," என்றார் புஷ்பம் அக்கா. "கதவ மூடுங்க."

மூடினேன்.